சீட்டில் ஏறிய வைட்டமினும் விட்டுப்போன சர்க்கரையும்

கர்ப்பம் உறுதியானதும் தனியார் மருத்துவமனையில் எழுதித் தரும் பரிசோதனைச் சீட்டு ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. ரத்த வகை, ஹீமோகுளோபின், தைராய்டு, மஞ்சள் காமாலைக் கிருமி, எச்ஐவி, சிறுநீர் ஆகியவை பழையவை, தேவையானவை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தச் சீட்டின் அடியில் இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது: வைட்டமின் டி. பல ஆய்வகங்களில் மற்ற ரத்தப் பரிசோதனைகளைவிட இதற்குத்தான் விலை கூடுதல். ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். பணம் கட்டும் இடத்தில் "இது எதுக்கு?" என்று கணவர் தயங்கினால், "டி கம்மியா இருந்தா சுகர் வருமாம்ங்க" என்று மனைவியே பதில் சொல்கிறார். கைப்பேசியில் பார்த்திருப்பார், அல்லது முந்தைய முறை டாக்டரே சொல்லியிருப்பார்.

இந்தப் பேச்சில் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. நம் பெண்களுக்கு வைட்டமின் டி குறைவு என்பது உண்மை. கர்ப்பகால நீரிழிவு நம்மிடம் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் முதலாவதைச் சரிசெய்தால் இரண்டாவது வராது என்பதற்கு இன்றுவரை நம்பத்தக்க சான்று இல்லை. அதைவிட வருத்தம், நிச்சயமாகப் பலன் தரும் எளிய சர்க்கரைப் பரிசோதனையும் அதன் தொடர்ச்சியும் இந்தச் சந்தடியில் பாதியில் நின்றுபோவதுதான்.

முதலில், இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கர்ப்பத்தின்போது நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் பிடியைத் தளர்த்துகின்றன. வயிற்றிலிருக்கும் குழந்தைக்குத் தடையில்லாமல் குளுக்கோஸ் போய்ச்சேர இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இந்தத் தளர்வு கூடிக்கொண்டே போகும். அதை ஈடுகட்டத் தாயின் கணையம் வழக்கத்தைவிடப் பல மடங்கு உழைக்க வேண்டும். உழைக்க முடியாத கணையம் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில் வைட்டமின் டி வந்து ஒட்டிக்கொள்வதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. வைட்டமின் டி கிடைக்காத எலிகளின் கணையம் குறைவாக இன்சுலின் சுரப்பதை 1980இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் மனிதர்களிலும், அதுவும் கணையம் திணறும் கர்ப்ப காலத்தில், டி குறைந்தால் சர்க்கரை ஏறும் அல்லவா? நியாயமான ஊகம்தான்.

2008இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியிலிருந்து வந்த ஆய்வு அந்த ஊகத்துக்கு உயிர் கொடுத்தது. கர்ப்பகால நீரிழிவு வந்த 57 பேர், வராத 114 பேர் ஆகியோரிடம் கர்ப்பத்தின் முற்பகுதியில் எடுத்து வைத்திருந்த ரத்தத்தை ஒப்பிட்டார்கள். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே டி இருந்தவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு 2.66 மடங்கு என்று கணக்கு வந்தது. அதன்பின் சீனா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று பல இடங்களிலிருந்தும் இதேபோன்ற ஆய்வுகள் குவிந்தன. பெரும்பாலானவை இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே சொல்லின.

ஆனால் நமக்குப் பக்கத்து ஊரிலேயே நடந்த ஓர் ஆய்வு வேறு கதை சொன்னது. அதை நம் ஊடகங்கள் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவே இல்லை. மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 559 கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பார்த்து 2009இல் வெளியிட்ட முடிவு அது. மூன்றில் இரண்டு பங்குப் பெண்களுக்கு, சரியாகச் சொன்னால் 66 சதவீதத்தினருக்கு, வைட்டமின் டி குறைவு. சர்க்கரை? டி குறைந்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு வந்தது. குறையாதவர்களில் 8 சதவீதம் பேருக்கு வந்தது. குழந்தையின் எடையிலும் நீளத்திலும் வித்தியாசம் இல்லை. நம் தோல் நிறம், நம் வெயில், நம் சோறு எல்லாம் கொண்ட பெண்களிடம் செய்த ஆய்வு என்பதால் சியாட்டிலைவிட இதற்குத்தான் நாம் காது கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடமாடுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. ஐப்பசியில் குடை வியாபாரமும் கொசுக்கடியும் சேர்ந்தே கூடுகின்றன. குடைதான் கொசுவைக் கூட்டி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடல் எடை கூடியவர்களிடம் அது கொழுப்புத் திசுக்களில் பரவிப்போய்விடுவதால் ரத்தத்தில் குறைவாகத் தெரியும். எடை கூடியவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வருவதும் அதிகம். நாள் முழுக்க வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ இருப்பவருக்கு வெயில் படாது, டி குறையும். அவருக்கு உடலுழைப்பும் இராது, சர்க்கரை ஏறும். இங்கே டி என்பது குற்றவாளியா, குற்றம் நடந்த இடத்தில் நின்றிருந்த சாட்சியா?

தமிழ்நாட்டுக் கணக்கை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். நீரிழிவு மருத்துவர் வீ. சேஷையா தலைமையில் தமிழகத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில் 12,056 கர்ப்பிணிகள் இருந்தார்கள். கர்ப்பகால நீரிழிவு நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8, கிராமத்தில் 9.9. வைட்டமின் டியோ இதற்கு நேர்மாறான வரிசையில் நிற்கிறது: திருப்பதி வட்டாரத்தில் செய்த ஆய்வுகளில் நகரவாசிகளைவிட, வயலில் வேலை செய்யும் கிராமத்தவர்களுக்கு டி கூடுதலாக இருந்தது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கோடு இழுத்துவிட்டால் அருமையான கண்டுபிடிப்பு போலத் தோன்றும். ஆனால் நாற்று நடும் பெண்ணுக்கும் கணினி முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் இடையே வெயில் மட்டுமா வித்தியாசம்? வயது, எடை, நடை, சாப்பிடும் நேரம், தூக்கம் என்று அத்தனையும் வேறு.

குற்றவாளியா சாட்சியா என்ற வழக்கைத் தீர்க்க ஒரே வழி, கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டி கொடுத்து, மறு பாதிக்குக் கொடுக்காமலோ மிகக் குறைவாகக் கொடுத்தோ பார்ப்பது. ஆஸ்திரேலியாவில் டி குறைவாக இருந்த 179 கர்ப்பிணிகளில் ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 5,000 யூனிட்டும் மற்றொரு பிரிவுக்கு 400 யூனிட்டும் கொடுத்தார்கள். 2014இல் வெளியான முடிவு: சர்க்கரை அளவில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஐரோப்பாவில் எடை கூடிய கர்ப்பிணிகளுக்கு நாளும் 1,600 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வில், வெறும் வயிற்றுச் சர்க்கரை கடைசி மாதங்களில் மிகச் சிறிதளவு இறங்கியது. ஆய்வாளர்களுக்கு அது ஆர்வமூட்டும் செய்தியாக இருக்கலாம். ஒரு தாயின் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு அது பெரிதல்ல.

இப்படிச் சின்னச் சின்ன ஆய்வுகள் ஆளுக்கொன்று சொல்லும்போது அவற்றையெல்லாம் திரட்டி எடைபோட்டுச் சொல்வதற்கென்று இருப்பது காக்ரேன் அமைப்பு. மருத்துவ உலகில் அதன் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. 2019இல் 30 ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன், கர்ப்பிணிகளுக்கு டி கொடுப்பது கர்ப்பகால நீரிழிவையும் ரத்தக்கொதிப்பால் வரும் சிக்கலையும் குறைக்கக்கூடும் என்று எழுதியது. இன்று வலம்வரும் காணொளிகளும் மருந்து நிறுவனத் துண்டறிக்கைகளும் தூக்கிப்பிடிப்பது இந்த வாசகத்தைத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. ஒரு மருத்துவ ஆய்வு உண்மையிலேயே நடந்ததா, எண்கள் இயல்பாக இருக்கின்றனவா, முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டதா என்றெல்லாம் நம்பகத்தன்மையைச் சோதித்த பிறகே ஆய்வுகளைச் சேர்ப்பது என்று காக்ரேன் குழு தன் விதியை இறுக்கியது. அந்தச் சல்லடையில் பழைய 30 ஆய்வுகளைப் போட்டார்கள். 20 ஆய்வுகள் 'இன்னும் தெளிவு தேவை' என்று ஓரமாக ஒதுக்கப்பட்டன. ஒன்று அடியோடு நீக்கப்பட்டது. புதிதாக ஒன்று சேர்ந்தது. 2024இல் வெளியான புதிய பதிப்பில் எஞ்சி நின்றவை 10. அந்தப் பத்தை வைத்துப் பார்த்தபோது, கர்ப்பகால நீரிழிவைத் தடுப்பதில் வைட்டமின் டிக்கு ஏதேனும் பங்கு இருக்கிறதா என்பது குறித்த சான்று மிகவும் உறுதியற்றது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஐந்து ஆண்டுகளில் 'குறைக்கக்கூடும்' என்ற முடிவு காற்றில் கரைந்துவிட்டது. என் பார்வையில் இந்த விவகாரத்தில் ஆக முக்கியமான செய்தி இதுதான். ஓர் அறிவியல் அமைப்பு தன் பழைய தீர்ப்பைத் தானே கிழித்துப்போட்டு எழுதியது தலைப்புச் செய்தி ஆகவில்லை. கிழித்துப்போட்ட பழைய தாள்தான் இன்னும் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது.

கர்ப்பம் தரிக்காதவர்களிடமும் நிலைமை பெரிதாக வேறில்லை. நீரிழிவின் விளிம்பில் நின்ற 2,423 பேருக்கு நாளும் 4,000 யூனிட் டியோ வெறும் மாத்திரையோ கொடுத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2019இல் முடிந்தது. டி எடுத்தவர்களில் கொஞ்சம் குறைவானவர்களுக்கே நீரிழிவு வந்தது என்றாலும், அந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாம் என்று ஒதுக்கும் அளவிலேயே இருந்தது.

இனி, 'குறைவு' என்று எதைச் சொல்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கழகம் 2011இல் 20 நானோகிராம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் போதும் என்றது. அதே ஆண்டில் அந்நாட்டின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம், போதாது, 30 வேண்டும் என்றது. ஆய்வகங்கள் எந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன என்று சொல்லத் தேவையில்லை. 30 என்று கோடு போட்டால் நம் ஊரில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் கோட்டுக்குக் கீழேதான் வருவார்கள். அறிக்கையில் தடித்த எழுத்தில் 'குறைவு' என்று அச்சாகும். அந்தச் சங்கமே 2024இல் தன் பழைய கோட்டைக் கைவிட்டு, நலமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக டி பரிசோதனை செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கர்ப்பிணிகளுக்கு டி கொடுப்பது நல்லதாக இருக்கலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அதற்கு அது காட்டும் காரணம் ரத்தக்கொதிப்புச் சிக்கல், குறைப்பிரசவம் போன்றவை, சர்க்கரை அல்ல. பரிசோதித்துப் பார்த்து ஓர் எண்ணைத் துரத்த வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமோ 2020இல் இன்னும் ஒரு படி பின்னால் நின்று, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் டி மாத்திரை தேவையில்லை, குறைவு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் நாளுக்கு 200 யூனிட் தரலாம் என்றது.

நான் டிக்கு எதிரி அல்ல. தாயின் எலும்புக்கும், பிறக்கும் குழந்தையின் எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும். தாய்க்கு மிகவும் குறைந்திருந்தால் பிறந்த குழந்தைக்குச் சுண்ணாம்புச்சத்து சரிந்து வலிப்பு வருவதும் உண்டு. அதனால் கர்ப்பிணிக்கு டி கிடைப்பது அவசியம். எப்படிக் கிடைக்கிறது, எவ்வளவு செலவில் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

வெயிலைப் பற்றிய அறிவுரையை எடுத்துக்கொள்வோம். "காலையில இளவெயில்ல கொஞ்ச நேரம் நில்லும்மா" என்று சொல்லாத மாமியார் இல்லை. பல டாக்டர்களும் அதையேதான் சொல்கிறார்கள். தோலில் டியை உண்டாக்குவது வெயிலில் உள்ள புற ஊதா 'பி' கதிர்கள். சூரியன் தாழ்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும் அந்தக் கதிர்கள் காற்று மண்டலத்தைக் கடந்து வருவதற்குள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். திருப்பதியில் அளந்து பார்த்தவர்கள், டி உருவாகும் நேரம் காலை 11 முதல் பிற்பகல் 2 வரை என்று எழுதியிருக்கிறார்கள். எளிய அளவுகோல் ஒன்று உண்டு: வெயிலில் நிற்கும்போது உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக விழுந்தால் டி பெரிதாகக் கிடைக்காது. ஏழு மணி இளவெயிலில் நிழல் வாசல் தாண்டி விழும். இளவெயிலில் நடப்பது மனத்துக்கும் காலுக்கும் நல்லது, சர்க்கரைக்கும் நல்லது, டிக்கு அல்ல. அதற்காகச் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் நிறைமாதக் கர்ப்பிணியை மொட்டை மாடியில் நிற்க வைக்கவும் முடியாது, மயங்கி விழுந்துவிடுவார். பதினோரு மணி வாக்கில் துணி காயப்போடும் வேலையோடு கை, முகம், கழுத்தில் கொஞ்ச நேரம் வெயில் பட்டால் போதும். நம் தோல் நிறத்துக்கு வெள்ளையரைவிடக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால் வெயிலை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது.

உணவிலும் பெரிதாகக் கிடைப்பதில்லை. மத்தி போன்ற கொழுப்பு மீன்களிலும் முட்டை மஞ்சள் கருவிலும் கொஞ்சம் உண்டு. டி சேர்க்கப்பட்ட பாலின் உறையில் நீல நிறத்தில் 'பிளஸ் எஃப்' முத்திரை இருக்கும். அரசின் உணவுப் பாதுகாப்பு விதிப்படி அதில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வரை சேர்த்திருப்பார்கள். ஒரு தம்ளர் பாலில் கிடைப்பது ஏறக்குறைய 50 யூனிட். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையோ நாளொன்றுக்கு 600 யூனிட்.

அப்படியானால் மீதிக்கு எங்கே போவது? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான். ஒன்றிய அரசின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 14ஆம் வாரத்திலிருந்து குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு கால்சியம் மாத்திரை இலவசம். ஒவ்வொரு மாத்திரையிலும் 500 மில்லிகிராம் கால்சியத்தோடு 250 யூனிட் வைட்டமின் டி3 இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் நாளுக்கு 500 யூனிட். அதோடு ஒரு தம்ளர் பாலும் பதினோரு மணி வெயிலும் சேர்ந்தால் பரிந்துரைத்த அளவு நிறைந்துவிடும். ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனையும் தேவையில்லை, மருந்துக்கடைக்கு ஓடவும் தேவையில்லை.

ஆனால் அந்த மாத்திரைப் பட்டை வீட்டில் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். பூஜை அலமாரியின் ஓரத்திலோ, ஸ்கேன் படங்கள் வைத்த பிளாஸ்டிக் பைக்குள்ளோ பிரிக்கப்படாமல் கிடக்கும். சுண்ணாம்புக் கட்டி மாதிரி பெரிதாக இருக்கிறது, தொண்டையில் இறங்கவில்லை, மலம் இறுகுகிறது, மசக்கையில் குமட்டுகிறது, 'இலவச மாத்திரைதானே' என்ற அலட்சியம் வேறு. இன்னொரு சிக்கலும் உண்டு. கால்சியமும் இரும்புச்சத்தும் ஒன்றையொன்று உடலில் சேரவிடாது. கால்சியத்தைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டு, இரும்புச்சத்து மாத்திரையை இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர்கள் இதைச் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு செவிலியர் ஐந்தாறு ஊர்களையும் கணினிப் பதிவையும் தடுப்பூசியையும் சேர்த்துச் சுமக்கும்போது, இரண்டு மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு விழுங்கிவிடும் பெண்ணை அவர் எப்படித் தடுப்பார்? மதியச் சாப்பாட்டோடு ஒன்று, காலைப் பலகாரத்தோடு ஒன்று, இரும்புச்சத்து இரவு படுக்கும் முன் என்று மூன்று வரி எழுதி அடுப்படியில் ஒட்டிவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இலவச மாத்திரை அலமாரியில் தூங்க, வெளியில் வாங்குவது 60,000 யூனிட் கேப்ஸ்யூல் அல்லது பொடிப் பொட்டலம். வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தருவார்கள். உண்மையிலேயே கடுமையான குறைவு உள்ளவருக்கு மருத்துவரின் கண்காணிப்பில் இது சரியான சிகிச்சையாக இருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் மாத்திரை என்றால் தினமும் என்றுதான் மனம் பழகியிருக்கிறது. வாரம் ஒன்று, நாளுக்கு ஒன்று ஆகிவிடும் விபத்துகளை இந்திய மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, தாகம், மலச்சிக்கல், சோர்வு என்று அது காட்டும் அறிகுறிகள் எல்லாமே மசக்கை போலவே இருப்பதால் கர்ப்பிணியிடம் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சிறுநீரகம்வரை போய்விடக்கூடிய சங்கதி இது.

இனி சர்க்கரைக்கு வருவோம். இங்கே தமிழ்நாடு பெருமைப்பட்டுக்கொள்ள விஷயம் இருக்கிறது. எடை கூடியவர், வயது கூடியவர், குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர் என்று பொறுக்கி எடுத்துச் சோதிக்காமல், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற நிலையை 2007இல் எடுத்த மாநிலம் இது. அதன் பின்னால் இருந்தவர் சேஷையா. அவர் வடிவமைத்த முறையில் கர்ப்பிணி வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய ஒன்றரை தம்ளர் தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடங்களில் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. முதல் பேருந்தைப் பிடித்து இரண்டு ஊர் தாண்டி வரும் பெண்ணிடம் "சாப்பிட்டுட்டியா? அப்போ நாளைக்கு வா" என்று சொன்னால் நாளைக்கு அவர் வரமாட்டார். அந்த நடைமுறை அறிவிலிருந்து பிறந்தது இந்த முறை. பின்னர் நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலும் இதையே ஏற்றுக்கொண்டது.

இதிலும் கருத்து வேறுபாடு உண்டு, அதுவும் சென்னைக்குள்ளேயே. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தின் மருத்துவர் மோகன் குழுவினர் 2014இல் ஒரே பெண்களிடம் இரண்டு விதமாகவும் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் செய்யும் பன்னாட்டு முறையோடு ஒப்பிட்டால், சாப்பிட்டுவிட்டுச் செய்யும் சோதனை பாதிக்கும் மேற்பட்டவர்களைத் தவறவிடுகிறது என்று எழுதினார்கள். அறிவியல் ரீதியாக அந்தக் குறை கனமானது. வெறும் வயிற்றோடு வர முடிகிற நகரத்துப் பெண்களுக்கு அந்த முறையே செய்யட்டும். வர முடியாதவர்களுக்கு, நடக்காத உயர்ந்த சோதனையைவிட நடக்கிற எளிய சோதனை மேல் என்பது என் கட்சி.

ஏன் இதற்கு இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், சர்க்கரையைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தந்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. உணவு ஆலோசனை, சர்க்கரைக் கண்காணிப்பு, தேவைப்பட்டால் இன்சுலின் என்று கவனிக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்கு மரணம், பிரசவத்தில் தோள் சிக்குதல், எலும்பு முறிவு போன்ற கடும் பாதிப்பு 1 சதவீதம். வழக்கம்போல் விடப்பட்டவர்களின் குழந்தைகளுக்கு 4 சதவீதம். வைட்டமின் டி ஆய்வுகள் எதிலும் இதற்குப் பக்கத்தில்கூட ஓர் எண்ணைப் பார்க்க முடியாது.

சிகிச்சையும் பயப்படும்படியானது அல்ல. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றி, சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடந்தாலே சர்க்கரை அடங்கிவிடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120க்குக் கீழே வராதவர்களுக்குத்தான் மெட்ஃபார்மினோ இன்சுலினோ. ஆனால் நம் வீடுகளில் சாப்பாட்டை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பது மருமகளாக இருந்தவர்களுக்குத் தெரியும். ஏழாம் மாதம் வளைகாப்பு. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை அமுக்கிவைக்கும் உச்சத்தை நெருங்கும் அதே நேரத்தில், புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வரிசையாக இலையில் விழும். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்டா" என்று அத்தைமார் ஆளுக்கொரு கரண்டி கூடுதலாக வைப்பார்கள். அந்த அன்பை வேண்டாம் என்று தள்ளவா முடியும்? சுண்டல், முட்டை, கீரை, மீன் ஆகியவற்றுக்கு அந்த இலையில் இடம் கேட்கலாம், அவ்வளவுதான். வளைகாப்பு நாளைக் குறிக்கும்போதே 24 முதல் 28 வாரத்துக்குள் செய்ய வேண்டிய இரண்டாவது சர்க்கரைப் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டால் போதும். கர்ப்பம் உறுதியானதும் முதல் முறை பார்த்தபோது சரியாக இருந்தது என்பதால் இதை விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை பிரசவத்துக்குப் பிறகுதான். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடி வெளியேறுகிறது, ஹார்மோன்கள் இறங்குகின்றன, பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரையும் இறங்கிவிடுகிறது. "சுகர் போயிடுச்சு" என்று வீடு நிம்மதியாகிவிடும். ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு, வராத பெண்ணைவிட ஏழு மடங்கு என்று 2009இல் 'லான்செட்' இதழில் வந்த தொகுப்பாய்வு சொன்னது. 2020இல் வந்த புதிய தொகுப்பாய்வு அதைப் பத்து மடங்குக்கு நெருக்கமாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு சொல்கிறது. இந்தக் கூட்டத்தில் நாளை சேரப்போகிறவர்கள் யார் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே பெயரோடும் ஊரோடும் கையில் பட்டியல் கிடைக்கும் வாய்ப்பு வேறு எந்த நோயில் இருக்கிறது? அந்தப் பட்டியலை நாம் பிரசவ வார்டிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

நாடு முழுவதற்குமான அந்த வழிகாட்டுதலில் இதற்கும் வரி இருக்கிறது: பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடியும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை. நடப்பதுதான் இல்லை. பச்சை உடம்புக்காரி அம்மா வீட்டில் இருப்பார், அது வேறு மாவட்டமாக இருக்கும், பதிவேடு புகுந்த ஊர் சுகாதார நிலையத்தில் இருக்கும். ஆனால் எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஆறாவது வாரத்தில் ஒரு விஷயம் தவறாமல் நடக்கிறது. குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி. தமிழ்நாட்டில் அதைத் தவறவிடுகிறவர்கள் குறைவு. பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாட்டி கூடவே வருவார்.

அன்றைக்கே தாயின் பரிசோதனையையும் முடித்துவிடலாம். தாய் சேய் நல அட்டையில் ஒன்றரை மாத ஊசிக்கான கட்டத்தின் பக்கத்திலேயே, கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்க்கு மட்டும் சிவப்பு மையில் ஒரு கட்டம் அச்சடித்தால் போதும். முந்தைய நாள் செவிலியர் கூப்பிட்டு "நாளைக்குச் சாப்பிடாம வாம்மா" என்று சொல்லட்டும். வந்ததும் தாய்க்குக் குளுக்கோஸ், பிறகு குழந்தைக்கு ஊசி. ஊசி போட்ட பிள்ளை அழுது ஓய்ந்து, பாலைக் குடித்து, பாட்டி மடியில் தூங்கி எழுவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். 140க்குக் கீழே இருந்தால் சரி, ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். 140 முதல் 199 வரை என்றால் அந்தப் பெண்ணின் பெயர் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் அந்த ஊர்ப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். 200ஐ எட்டினால் அன்றே சிகிச்சை. இதற்கு ஆகும் செலவு ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் ஒரு சொட்டு ரத்தத்துக்கான பரிசோதனையும்தான். தனியாரில் ஒரு பெண்ணுக்கு எடுக்கும் வைட்டமின் டி பரிசோதனைக் காசில் பல பெண்களுக்குச் செய்து முடித்துவிடலாம்.